அப்பாவுக்கு ஓர் இல்லம் தேடியபோது

பக்கவாதத்தில் அப்பாவுக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் குழறிப்போய், கடைசியில் நின்றேவிட்டது. வீட்டில் வைத்துப் பார்ப்பது இனி அவருக்கே ஆபத்து என்று டாக்டர் சொன்ன பிறகுதான் நானும் அக்காவும் முதியோர் பராமரிப்பு இல்லங்களைத் தேட ஆரம்பித்தோம். வாய்விட்டுக் கேட்கத் தெரிந்தவரை எந்த இடமும் ஓரளவு கவனித்துக்கொள்ளும். கேட்கவே முடியாதவரை எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் எங்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது. தேடல் முழுவதும் அந்த ஒன்றைச் சுற்றித்தான் நடந்தது.

முதலில் அப்பாவின் தேவைகளை ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் காட்டித் திருத்தி வாங்கினோம். புரட்டிப் படுக்க வைக்க இரண்டு ஆள் வேண்டும், விழுங்கும்போது புரையேறுகிறது, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்டு என்று எல்லாம் அதில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு போன் செய்ததிலேயே பாதி இடங்கள் கழிந்துவிட்டன. நடமாடுகிறவர்களை மட்டும் சேர்த்துக்கொள்ளும் இல்லங்கள் நிறைய இருக்கின்றன. அவர்கள் மேல் குறையில்லை, நமக்குத் தேவை வேறு.

நேரில் போனால் வரவேற்பறை, தோட்டம், டிவி ஹால் என்று சுற்றிக் காட்டுகிறார்கள். அப்பா அங்கே உட்காரப் போவதில்லை. படுத்த படுக்கையாக இருப்பவர்களின் பகுதியைக் காட்டச் சொல்லிக் கேட்டோம். ஓர் இடத்தில் கட்டில் தலைமாட்டில் ஓர் அட்டை தொங்கியது. எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வைத்தார்கள் என்று குறிப்பதற்கானது. தானாகப் புரள முடியாதவர்களைப் படுக்கைப் புண் வராமலிருக்க 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றிப் படுக்க வைப்பது பொதுவான வழக்கம். நாங்கள் போயிருந்தது காலையில். அட்டையிலோ மாலை 6 மணிக் கட்டம் வரைக்கும் ‘இடது’, ‘வலது’, ‘மல்லாந்து’ என்று ஒரே பேனாவில் எழுதி முடித்திருந்தார்கள். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். இடம் பளிச்சென்றுதான் இருந்தது, மேலாளரும் மரியாதையாகப் பேசினார். ஆனால் செய்யாத வேலையைச் செய்ததாக எழுதுகிறவர்களின் மாத்திரைக் கணக்கை மட்டும் எப்படி நம்புவது? அந்த இடத்தை அன்றைக்கே விட்டுவிட்டோம்.

படுக்கைப் புண் ஆரம்பத்தில் புண்ணாகவே தெரியாது. வால் எலும்பு, இடுப்பு, குதிகால் என எலும்பு துருத்தும் இடங்களில் தோல் சிவக்கும், விரலால் அழுத்தினால் வெளுக்காது. கறுத்த தோலில் அந்தச் சிவப்பும் சரியாகத் தெரியாது. சூடாக இருக்கிறதா, இறுகியிருக்கிறதா என்று தொட்டுத்தான் பார்க்க வேண்டும். அதனால் போன இடமெல்லாம் ஒரு கேள்வி கேட்டோம்: இப்போது எத்தனை பேருக்குப் படுக்கைப் புண் இருக்கிறது? “எங்ககிட்ட யாருக்குமே வந்ததில்லை” என்ற பதில் அடிக்கடி வந்தது. எனக்கு அதில் நிம்மதி வரவில்லை.

ஓர் இல்லத்தில் மட்டும் தலைமை நர்ஸ், “ரெண்டு பேருக்கு இருக்கு. ஒருத்தர் ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போதே இருந்தது. இன்னொன்னு இங்கதான் வந்தது. ஆறிக்கிட்டு வருது” என்றார். சொன்னதோடு நிற்காமல், படுக்கைப் புண் வரும் ஆபத்தைக் கணிக்க ஒவ்வொருவருக்கும் அவர்கள் போடும் மதிப்பெண் தாளையும் எடுத்துக் காட்டினார். பார்பரா பிராடன், நான்சி பெர்க்ஸ்ட்ராம் என்ற இரண்டு அமெரிக்க செவிலியர்கள் உருவாக்கி 1987-இல் வெளியிட்ட பிராடன் அளவுகோல் அது. உணர்வு, ஈரம், நடமாட்டம், படுக்கையில் அசையும் திறன், சாப்பாடு, உராய்வு என்று 6 விஷயங்களுக்கு மதிப்பெண். அதிகபட்சம் 23. எண் குறையக் குறைய ஆபத்து கூடும், 18-ம் அதற்குக் கீழும் வந்தால் பொதுவாகக் கூடுதல் கவனம். நாங்கள் சொன்னதை வைத்து அங்கேயே கூட்டிப் பார்த்து அப்பாவுக்கு 13 வரலாம் என்றார். “நேர்ல பார்த்துட்டுத்தான் உறுதியாச் சொல்லுவேன்” என்றும் சேர்த்துக்கொண்டார். எனக்கு அவர் மேல் மதிப்பு வந்தது அந்த இடத்தில்தான்.

ஆனாலும் உடனே கையெழுத்துப் போடவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் சாப்பாட்டு நேரத்தில் ஒருமுறை போனோம். ஊட்டிவிடும் பெண் நாற்காலி போட்டு, பெரியவரின் கண்ணுக்கு நேராக உட்கார்ந்திருந்தார். ஒரு வாய் இறங்கியதைத் தொண்டையில் பார்த்துவிட்டுத்தான் அடுத்த கரண்டியை எடுத்தார். பக்கவாதம் வந்தவர்களில் சிலருக்கு உணவு மூச்சுக்குழாய்க்குள் போனாலும் இருமல்கூட வராது, பிறகு நிமோனியாவில் கொண்டுபோய் விடும். சாப்பிட்டு முடித்தும் அவரைச் சாய்க்கவில்லை. “அரை மணி நேரம் நிமிர்ந்துதான் உட்காரணும்” என்றார், நாங்கள் கேட்காமலே.

இரவு நிலவரம் தனி. பகலில் பத்துப் பேர் நடமாடும் இடத்தில் ராத்திரி யார் இருக்கிறார்கள், ஒருவருக்கு எத்தனை கட்டில், பயிற்சி பெற்ற நர்ஸ் உள்ளேயே இருக்கிறாரா, கூப்பிட்டால் வருவாரா, வர எவ்வளவு நேரமாகும் என்று துருவித் துருவிக் கேளுங்கள். ராத்திரி கத்துகிறவர்களை என்ன செய்வீர்கள் என்றும் கேளுங்கள். ஓர் இடத்தில் “மாத்திரை குடுத்துத் தூங்க வச்சிடுவோம்” என்று சாதாரணமாகச் சொன்னார்கள். எனக்குப் பகீரென்றது. மனநோய்க்கான சில மருந்துகள் மறதி நோயுள்ள முதியவர்களுக்கு மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இலேயே எச்சரித்திருக்கிறது. வலியா, மலச்சிக்கலா, சிறுநீர்த் தொற்றா என்று முதலில் பார்ப்போம் என்பதுதான் நான் எதிர்பார்த்த பதில். அந்த நர்ஸிடமிருந்து அதுதான் வந்தது.

ஒப்பந்தத்தில் நாங்கள் விடாப்பிடியாக எழுதி வாங்கியவை சிலதான்: மாதக் கட்டணத்தில் சேராதவை எவை, ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால் கட்டிலைக் காலியாக வைத்திருப்பார்களா, எந்தக் காரணத்துக்காக, எத்தனை நாள் முன்னறிவிப்போடு வெளியேறச் சொல்லலாம், முன்பணம் எப்போது திரும்பும். புது மருந்து எதையும் எங்களிடம் சொல்லாமல் தொடங்கக் கூடாது என்பதையும் சேர்த்தோம்.

சேர்த்த அன்று அப்பாவின் தலைமாட்டில் ஒரு தாள் ஒட்டினோம்: ‘இடது பக்கம் நின்று பேசவும். ஆம் என்றால் கண்ணை மூடுவார். கண்ணாடி இல்லாமல் பயப்படுவார். அழைப்பு மணி இடது கைக்கு எட்ட வேண்டும்.’ அடுத்த முறை போனபோது அதன் கீழே வேறு கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: ‘வலது கையைப் பிடித்துத் தூக்க வேண்டாம், தோள் வலிக்கிறது.’ குளிப்பாட்டும் ஆயா எழுதியது. முகம் சுளிப்பதைப் பார்த்துக் கண்டுபிடித்தாராம். பிசியோதெரபிஸ்டை வரவழைத்துக் காட்டினார்கள். தோள் மூட்டு கொஞ்சம் இறங்கியிருப்பதாகச் சொன்னார். இப்போது உட்கார வைக்கும்போதெல்லாம் அந்தக் கைக்கு அடியில் தலையணை வைக்கிறார்கள், நைட் டியூட்டி ஆட்களும்.