கிளினிக் தேதிக்கு முந்தின மூன்று நாள்

"அடுத்த வாரம் எனக்கு ரத்தம் எடுக்கணும், ராத்திரிக்குச் சோறு வைக்காதே." மலேசியாவில், பினாங்கு பட்டர்வொர்த் பக்கம் எந்தத் தமிழர் வீட்டிலும் காதில் விழக்கூடிய பேச்சு இது. எங்கள் வீட்டில் அம்மா சொல்லிக்கொண்டிருந்தார், அம்மாவுக்கு அப்புறம் நான் சொல்ல ஆரம்பித்தேன். கிளினிக் தேதிக்கு மூன்று நாளுக்கு முன்பே சோற்றை நிறுத்துவது, தே தாரிக்கை, அதாவது கெட்டிப்பால் டீயை, விட்டுவிட்டு சுடுதண்ணீர் குடிப்பது, மாத்திரையைக் காலையும் மாலையும் மறக்காமல் போடுவது, ராத்திரி ஏழு மணிக்கே வாயைக் கட்டிவிடுவது. அப்புறம் ரத்தம் கொடுத்த கையோடு நேராக ரொட்டி சானாய் (பரோட்டா) கடைக்குப் போவது. ஆறு வருடம் என் இனிப்புநீரை, அதாவது சர்க்கரை நோயை, நான் இப்படித்தான் பார்த்துக்கொண்டேன். போன வாரம் தம்பி வீட்டுக்குப் போயிருந்தபோது அவன் மனைவியும் இதே மூன்று நாள் பத்தியத்தில் இருந்தாள். எனக்கு மனசு தாங்கவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குத் தெரிய வந்தது 47 வயதில். வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை 11.2. தமிழ்நாட்டுச் சொந்தக்காரர்களும் யூடியூப் மருத்துவர்களும் மில்லிகிராம் கணக்கில் 200, 250 என்று சொல்வார்கள், நமக்கு இங்கே மில்லிமோல் கணக்கு, அதனால் நம் எண்ணை 18ஆல் பெருக்கினால் அவர்கள் சொல்லும் எண் வரும். என் 11.2 அவர்கள் கணக்கில் 200ஐத் தாண்டுகிறது. வெறும் வயிற்றில் 7 தாண்டினாலே இனிப்புநீர்தான். தாகமோ அடிக்கடி ஒன்றுக்குப் போவதோ எதுவும் எனக்கு இல்லை, தொழிற்சாலையில் வருடாந்திரப் பரிசோதனை என்று எடுத்ததில் அகப்பட்டது. 2019இல் மலேசியச் சுகாதார அமைச்சு எடுத்த தேசிய ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்த நோய் இருந்தது, அதில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. நானும் அந்தத் தெரியாத கூட்டத்தில் எத்தனை வருடம் இருந்தேனோ.

மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை கொடுத்தார்கள். முதல் வாரமே வயிறு கலக்க ஆரம்பித்துவிட்டது. பிறை தொழிற்பேட்டைக்கு கம்பெனி பஸ் காலை ஆறேகாலுக்கு, போய்ச் சேர முக்கால் மணி நேரம், நடுவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இரண்டு நாளுக்குப் பிறகு காலை மாத்திரையை நிறுத்திவிட்டேன். ராத்திரி மட்டும் போட்டேன், அதுவும் நினைவு வந்தால். மிச்ச மாத்திரைகள் பழைய பிஸ்கட் டின்னில் சேர்ந்துகொண்டே இருந்தன. கிளினிக்கில் "மருந்து ஒழுங்கா எடுக்கிறீங்களா ஆண்ட்டி?" என்று கேட்டால் "எடுக்கிறேன்" என்று சொல்வேன். டாக்டர் சின்னப் பெண், மலாய்க்காரப் பிள்ளை, அன்பாகப் பேசுவாள், அவளிடம் இல்லை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். வெட்கம்.

மூன்று நாள் பத்தியம் இருந்தால் வெறும் வயிற்று எண் இறங்கிவிடும், எனக்கு 6.4 வரைக்கும் இறங்கியிருக்கிறது. ஆனால் எச்பிஏ1சி என்று ஒன்று எடுப்பார்களே, அது இதற்கெல்லாம் மசியாது. ரத்தத்தில் ஓடும் சர்க்கரை சிவப்பணுவில் இருக்கும் ஹீமோகுளோபினில் போய் ஒட்டிக்கொள்கிறது, அந்த அணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கிறது, அதனால் அந்த ஒரு எண்ணில் கடந்த மூன்று மாதத்துச் சாப்பாடு, தூக்கம், போட்ட மாத்திரை, போடாத மாத்திரை எல்லாம் பதிந்திருக்கும். எனக்கு 9.1 விழுக்காடு வந்தது. வெறும் வயிற்றில் 6.4, மூன்று மாதக் கணக்கில் 9.1. டாக்டர் இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தாள். மருந்து ஒழுங்காக எடுக்கிறேன் என்று நான் சொன்னதை நம்பி, மெட்ஃபார்மின் போதவில்லை போலிருக்கிறது என்று முடிவு செய்து, கூடவே கிளிக்லசைட் என்ற இன்னொரு சர்க்கரை மாத்திரையும் எழுதினாள். அவள் மேல் தப்பே இல்லை. நான் சொன்ன பொய்க்குச் சரியான மருந்தைத்தான் கொடுத்தாள்.

9.1 என்னைப் பயமுறுத்திவிட்டது. அன்றிலிருந்து இரண்டு மருந்தையும் ஒன்று விடாமல் போட ஆரம்பித்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு. இரண்டு மாதத்தில் தைப்பூசம் வந்தது. பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொண்டிருந்தேன், விரதம் இருந்தேன், கடைசி வாரம் ஒருவேளைச் சாப்பாடு. யாரிடமும் கேட்கவில்லை. தைப்பூசத்தன்று காலை ஐந்து மணிக்குக் குளித்துவிட்டு, சாமிக்குப் போகிற நாளில் மருந்தை விடக்கூடாது என்று வெறும் வயிற்றில் இரண்டையும் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

பினாங்கில் தண்ணீர்மலைக்கு வந்தவர்களுக்குத் தெரியும், பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படி. பாதிகூட ஏறியிருக்க மாட்டேன், கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் பக்தி என்று நினைத்தேன். அப்புறம் வேர்வை, வெயிலில் வருகிற வேர்வை மாதிரி இல்லை, குளிர்ந்த வேர்வை, நெஞ்சு படபடவென்று அடித்தது, முன்னால் போன நாத்தனாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட நினைக்கிறேன், பெயர் வரவில்லை. முப்பது வருடமாகக் கூப்பிடும் பெயர். குடம் சரிந்ததைப் பக்கத்தில் வந்த ஓர் அம்மா பிடித்துக்கொண்டார். யாரோ ஒரு பையன் கையிலிருந்த ரோஸ் சிராப்பை என் வாயில் வைத்தான். கீழே முதலுதவிக் கூடாரத்தில் விரலில் குத்திப் பார்த்தபோது 3.4, சிராப் குடித்த பிறகும். குடிப்பதற்கு முன் எவ்வளவு இருந்திருக்கும் என்று நினைத்தால் இப்பவும் வயிறு சில்லிடுகிறது.

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் மக்கள் சர்க்கரை ஏறுவதற்குப் பயப்படும் அளவுக்கு இறங்குவதற்குப் பயப்படுவதில்லை. மெட்ஃபார்மின் முக்கியமாகச் செய்யும் வேலை, கல்லீரல் அளவுக்கு மேல் சர்க்கரையை வெளியே விடாமல் பிடித்து வைப்பது, அது மட்டும் போட்டுக்கொள்பவர்களுக்குச் சர்க்கரை ஆபத்தாக இறங்குவது அபூர்வம். கிளிக்லசைட் அப்படி இல்லை, அது கணையத்தைத் தட்டி இன்சுலினை வெளியே வரவழைக்கிறது, நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அதற்குத் தெரியாது. அதைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் இறங்கும். 4க்குக் கீழே போனால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும், கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், இன்னும் ஏறவில்லை என்றால் மறுபடி குடிக்க வேண்டும், ஏறியதும் சாப்பாடு சாப்பிட வேண்டும். சாக்லெட் வேண்டாம், அதில் கொழுப்பு இருப்பதால் சர்க்கரை மெதுவாகத்தான் சேரும். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஆம்புலன்ஸுக்கு 999 அடியுங்கள். விரதம் இருக்க நினைத்தால் ஒரு மாதம் முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள், முஸ்லிம் நோயாளிகளுக்கு நோன்புக்கு முன் மருந்தை மாற்றிக் கொடுத்துப் பழகியவர்கள் அவர்கள், நமக்கும் செய்வார்கள்.

அடுத்த தேதிக்கு அந்த பிஸ்கட் டின்னையே பையில் போட்டுக்கொண்டு போனேன். மேசை மேல் வைத்து, போன தேதி வரைக்கும் ஆறு வருடமாக நான் காலை மாத்திரை போடவில்லை டாக்டர், பஸ்ஸில் வயிறு கலக்கும் என்று சொன்னேன். திட்டுவாள் என்றுதான் எதிர்பார்த்தேன். "இதை முதல்லயே சொல்லியிருந்தா நான் வேற மாத்திரை கொடுத்திருப்பேனே ஆண்ட்டி" என்றாள். மெதுவாகக் கரையும் மெட்ஃபார்மின் ஒன்று இருக்கிறதாம், வயிற்றை அவ்வளவாகக் கலக்காது, ராத்திரிச் சாப்பாட்டோடு ஒரே தடவை போட்டால் போதும் என்றாள். கிளிக்லசைட்டை நிறுத்திவிட்டாள். ஆறு வருடம் என் வயிற்றுக்கும் ஆறேகால் பஸ்ஸுக்கும் நடுவில் கிடந்த பிரச்சினை ஐந்து நிமிடப் பேச்சில் தீர்ந்தது. அரசாங்க கிளினிக்கில் நாம் கட்டுவது ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட். அந்த ஒரு வெள்ளிக்குள் இந்தப் பேச்சும் அடக்கம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

இங்கே ஒன்று. "அந்த மாத்திரை எல்லாம் கெமிக்கல், கிட்னி போயிடும், பாகற்காய் ஜூஸ் குடி" என்று எனக்குச் சொன்னவர்கள் என்மேல் பாசம் உள்ளவர்கள்தான், அதனால் மரியாதையோடே பதில் சொல்கிறேன். மெட்ஃபார்மினின் மூலமே ஒரு செடி, கலேகா என்று ஐரோப்பாவில் வளர்வது, அதிலிருந்த பொருளைத் தொடர்ந்து போய்த்தான் ஆராய்ச்சியாளர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள், பிரான்சில் ஜான் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் 1957இலேயே இதை இனிப்புநீருக்குப் பயன்படுத்தி எழுதினார். சிறுநீரகத்தைக் கெடுப்பது வருடக்கணக்காக ஏறியே கிடக்கும் சர்க்கரையும் கூடவே இருக்கும் ரத்தக் கொதிப்பும்தான். சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்தவர்களுக்கு மெட்ஃபார்மினைக் குறைப்பார்கள் அல்லது நிறுத்துவார்கள், அதைப் பார்த்துத்தான் மாத்திரை கெடுத்தது என்ற பேச்சு வந்திருக்க வேண்டும். பாகற்காயைத் தாராளமாகச் சாப்பிடுங்கள், எனக்கும் பிடிக்கும், மாத்திரைக்குப் பதிலாக மட்டும் வேண்டாம். நெடுநாள் மெட்ஃபார்மின் போட்டால் பி12 குறையலாம், அதைக் கேட்டுப் பரிசோதித்துக்கொள்ளுங்கள், கால் மரத்துப்போனால் கட்டாயம் கேளுங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் எனக்கு உதவியது புத்திமதி இல்லை, விரலில் குத்தும் மீட்டர்தான். அதில் போடும் சோதனைப் பட்டைகள் விலை அதிகம், அதனால் வாரத்துக்கு ஒரு வேளைச் சாப்பாட்டைத் தேர்ந்தெடுத்து, சாப்பிடுவதற்கு முன் ஒன்று, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று, ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதினேன். இரண்டு ரொட்டி சானாய், ஒரு தே தாரிக்: 13.8. இரண்டு தோசை, சாம்பார், அவித்த முட்டை: 9.2. நாசி கண்டார் (கறிக்குழம்புகள் ஊற்றிய சோறு) வழக்கம்போல் குழம்பு வெள்ளமாக: 14க்கு மேல். அதே கடையில் சோறு பாதி, குழம்பு தனியாக, வெண்டைக்காயும் மீனும் முதலில் சாப்பிட்டுச் சோற்றைக் கடைசியில்: 9.6. என் உடம்புக்கு வந்த எண்கள் இவை, உங்களுக்கு வேறு வரும். "கூராங் மானிஸ்" (இனிப்பு குறைவாக) என்று சொல்லி வாங்கும் தே தாரிக்கிலும் கெட்டிப்பால் இருக்கிறது, அதன் எடையில் பாதிக்குப் பக்கம் சீனிதான். தே சி கோசோங் (கெட்டிப்பாலும் சீனியும் போடாத பால் டீ) கேளுங்கள், முதல் இரண்டு வாரம் சப்பென்று இருக்கும், அப்புறம் பழகிவிடும். டுரியான் பழக் காலத்தில் பாலிக் பூலாவ் ஊரிலிருந்து அண்ணன் கொண்டுவந்தால் நான் இரண்டு சுளை சாப்பிடுகிறேன், அன்றைக்குச் சோறு இல்லை. மொத்தமாக விட முயன்ற வருடம் ராத்திரி எழுந்து ஐந்து சுளை சாப்பிட்டேன்.

நடையும் அந்த நோட்டு சொன்னதுதான். ராத்திரிச் சாப்பாடு முடிந்து இருபது நிமிடம் பிளாட்டைச் சுற்றி நடந்த நாளில் இரண்டு மணி நேர எண் ஒன்றரை, இரண்டு குறைகிறது. வேலை செய்யும் தசை இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமல் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் என்று கிளினிக் மிஸ்ஸி (நர்ஸ்) விளக்கினார். வீட்டுக்காரரும் கூட வருகிறார். மழை நாளில் மாடிப்படி.

அம்மாவுக்கு முதலில் கட்டைவிரல் எடுத்தார்கள், அப்புறம் முழங்காலுக்குக் கீழே. செருப்புக்குள் இருந்த ஒரு சின்னக் கல், அம்மாவுக்கு வலியே தெரியவில்லை. அதனால் ராத்திரி படுக்குமுன் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்க்கிறேன், வருடம் ஒருமுறை கண்ணைப் படம் எடுக்கிறேன், சிறுநீரில் புரதம் பார்க்கச் சொல்லி நானே கேட்கிறேன். போன தடவை மூன்று மாதக் கணக்கு 7.0.

அடுத்த தேதி இந்த வெள்ளிக்கிழமை. நேற்று அண்ணன் மகள் பிறந்தநாள், கேக் சாப்பிட்டேன், சோறும் சாப்பிட்டேன், இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்ததில் 11.9. நோட்டில் எழுதி, பக்கத்தில் "கேக்" என்றும் எழுதி, பையில் எடுத்து வைத்துவிட்டேன். தம்பி மனைவிக்கும் அன்றைக்கே தேதி வாங்கியிருக்கிறோம், அவள் வீட்டிலும் ஒரு டின் இருக்கிறதாம்.