தேர்வறையிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும்

போன வாரம், பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே படிக்கிற மகளின் தேர்வுப் பதிவுச் சீட்டு கைக்கு வந்தது. ஏழு பாடம், மே-ஜூன் பருவம், பெயரில் எழுத்துப் பிழை இல்லை. அந்தக் கடைசி விஷயத்தை நான்கு தடவை சரிபார்த்தேன். ஏன் என்று கீழே வருகிறது. ஒரு துண்டுத் தாளுக்காக இவ்வளவு அலைந்ததும் இல்லை, அதைப் பார்த்து இவ்வளவு நிம்மதிப்பட்டதும் இல்லை. கோபம் முழுதாக ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

வீட்டுக்கல்வி சரியா தவறா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. அந்த முடிவை எடுத்துவிட்டு, "இனி மேல்வகுப்புக்கு என்ன செய்வது?" என்று கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் இது. உங்கள் நாட்டுச் சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். ஜெர்மனி போன்ற நாடுகளில் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போயே ஆக வேண்டும்.

மகளுக்குப் பதினான்கு முடிந்திருந்தது. கேம்பிரிட்ஜ் ஐ.ஜி.சி.எஸ்.இ. (நம் பத்தாம் வகுப்பு அளவிலான பன்னாட்டுத் தேர்வு) எந்தப் பள்ளியிலும் சேராமல் தனித்தேர்வராக எழுதலாம், பல நாடுகளில் ஏற்கிறார்கள் என்பதால் அதை முடிவு செய்தோம். அது ஒரு மாலைப் பேச்சில் முடிந்தது. அப்புறம் நான் செய்ததுதான் வேடிக்கை. இரண்டு மாதம் பாடம் தேடினேன். கான் அகாடமியில் பயிற்சிக் கணக்குகள், ஓப்பன்ஸ்டாக்ஸின் இலவசப் பாடநூல்கள், கொலராடோ பல்கலைக்கழகத்தின் பெட் தளத்தில் திரையிலேயே செய்து பார்க்கும் அறிவியல் சோதனைகள் என்று ஒன்றுவிடாமல் சேர்த்தேன். எக்செல்லில் பாடத்துக்கு ஒரு நிறம் அடித்து, காலை எட்டு முதல் மதியம் மூன்று வரை அட்டவணை. பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. ஒன்பது நாள் ஓடியது.

பத்தாம் நாள் மகள் கேட்டாள்: "அம்மா, பள்ளிக்கூடம் வேண்டாம்னுதானே வீட்ல படிக்கிறேன்? நீ வீட்டையே பள்ளிக்கூடம் ஆக்கிட்டியே!" பதில் சொல்லத் தெரியவில்லை. கால்குலேட்டரை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஐ.ஜி.சி.எஸ்.இ. பாடம் ஒவ்வொன்றும் சுமார் 130 மணி நேரக் கற்பித்தலை மனதில் வைத்து அமைத்தது. ஏழு பாடத்துக்கு 910 மணி நேரம். இரண்டு ஆண்டில் 72 வாரம் படிப்பதாக வைத்தால் வாரத்துக்குப் பன்னிரண்டரை மணி நேரத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். தனியாகப் பயிற்சி செய்ய இன்னொரு பாதியைச் சேர்த்தாலும் ஒரு நாளைக்கு நான்கு மணி நேரத்துக்குள் அடங்கிவிடுகிறது. நான் போட்டிருந்ததோ வாரத்துக்கு முப்பது மணி நேரத்துக்கு மேல். வகுப்பறையில் வருகைப் பதிவு, வரிசை, முப்பது பிள்ளைகளை அமைதிப்படுத்துவது என்று போகிற நேரம் வீட்டில் கிடையாது என்பது அப்போதுதான் உறைத்தது.

எட்டு மணித் தொடக்கத்தையும் விட்டுவிட்டோம். பதின்ம வயதில் தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் இரவில் தாமதமாகத்தான் சுரக்கிறது. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்களின் சங்கமே 2014-இல் இந்த வயதுப் பிள்ளைகளின் பள்ளிகள் எட்டரைக்கு முன்னால் தொடங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. வீட்டில் வைத்துப் படிக்க வைத்துக்கொண்டு இந்த ஒரு வசதியைக்கூட எடுத்துக்கொள்ளாமல் இருப்பேனா? ஒன்பதரைக்கு மாற்றினேன். காலைச் சண்டை பாதியாகக் குறைந்தது.

இதற்கு நடுவில் ஒரு நிறுவனத்தின் "முழு உயர்நிலைப் பள்ளித் தொகுப்பு" ஒன்றுக்கும் பணம் கட்டியிருந்தேன். பெயர் வேண்டாம், வயிற்றெரிச்சல்தான் மிஞ்சும். நேரலை வகுப்பு உண்டு என்றார்கள், உண்டுதான். எங்களுக்கு அது நள்ளிரவு தாண்டி ஒரு மணி. பதிவைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். வெறும் பதிவைப் பார்க்க நான் ஏன் நேரலைக்குப் பணம் கட்ட வேண்டும்? கடைசியில் தருகிற சான்றிதழ், "இந்த மாணவி எங்கள் வீடியோக்களைப் பார்த்து முடித்தார்" என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை என்பதும் பிறகுதான் தெரிந்தது. "அங்கீகாரம் பெற்றது" என்று முகப்பில் பெரிதாக எழுதியிருந்தது. யார் அங்கீகரித்தார்கள் என்று கேட்டு மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்றுக்கும் ஒரே பதில், "உங்கள் கேள்விக்கு நன்றி." பணம் திரும்பி வரவில்லை.

ஆகவே ஒரு பாடத்தை மட்டும், ஒரு மாதத்துக்கு மட்டும் வாங்கிப் பாருங்கள். பிள்ளை அந்த ஆசிரியரின் குரலைத் தாங்குகிறதா என்பதே முதல் வாரத்தில் தெரிந்துவிடும். அங்கீகாரம் என்று சொன்னால், அங்கீகரித்த அமைப்பின் பெயரைக் கேட்டு, அந்த அமைப்பின் பட்டியலில் இவர்கள் பெயர் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

கணக்குப் பாடத்தில் விழுந்த அடி முழுக்க என் தவறு. மகள் கணக்கில் நன்றாகவே போய்க்கொண்டிருந்தாள். 2023 வரையான பழைய வினாத்தாள்களை எல்லாம் இறக்கி வைத்து வாரம் ஒன்று போட்டாள். அந்தப் பழைய முறையில் இரண்டு தாளுக்கும் கால்குலேட்டர் உண்டு, கையில் கால்குலேட்டர் இல்லாமல் அவள் ஒரு பின்னத்தைக்கூடத் தொட்டதில்லை. பதினோரு மாதம் கழித்து வேறு எதையோ தேடும்போது புதிய பாடத்திட்டம் கண்ணில் பட்டது. 2025, 2026, 2027 தேர்வுகளுக்கு என்று அட்டையிலேயே போட்டிருந்தது. உள்ளே போனால், இரண்டு தாளில் ஒன்றுக்குக் கால்குலேட்டர் கிடையாது. மதிப்பெண்ணில் சரிபாதி! நான் அச்சடித்து, துளைபோட்டு, கோப்பில் போட்டு வைத்திருந்தது அதற்கு முந்தைய பாடத்திட்டம். எந்த ஆண்டுத் தேர்வுக்கானது என்று அட்டையைப் பார்க்கவே இல்லை.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. மறுநாள் அவளிடம் சொன்னபோது, "அப்போ வாய்ப்பாடு திரும்பப் படிக்கணுமா?" என்று மட்டும் கேட்டாள். மூன்று மாதம் பின்னம், வர்க்கமூலம், நீள்வகுத்தல் என்று அடிமட்டத்திலிருந்து கையால் போட்டோம். கேம்பிரிட்ஜ் தந்திருந்த மாதிரி வினாத்தாள்தான் அப்போது துணை, புது முறையில் பழைய வினாத்தாள் அதிகம் இல்லை. இப்போது கால்குலேட்டர் இல்லாத தாளில்தான் அவள் கூடுதலாக வாங்குகிறாள். இதில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை.

பாடத்திட்டத்தை இறக்கியதும் முதலில் தேர்வாண்டைப் பாருங்கள். அப்புறம் அதன் வரிகளை அச்சடித்து, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எந்த வீடியோ, எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். கான் அகாடமி அமெரிக்க வகுப்புகளின் வரிசையில் போகிறது: இயற்கணிதம் ஒரு வருடம், வடிவியல் இன்னொரு வருடம். ஐ.ஜி.சி.எஸ்.இ.யில் எல்லாம் கலந்தே வரும். அங்கே தொடங்கி நேராகப் பார்த்துக்கொண்டே போனால் தேவையில்லாதது பாதி, விட்டுப்போனது மீதி.

அறிவியலில் செய்முறை என்ன ஆகும் என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். அது இவ்வளவு பயப்பட வேண்டியதே இல்லை. ஆய்வகத்தில் எழுதும் ஐந்தாம் தாளுக்குப் பதிலாக ஆறாம் தாள் என்று ஒன்று உண்டு, செய்முறைக்கு மாற்றான எழுத்துத் தேர்வு. இயற்பியலில் இதற்கு 20 விழுக்காடு. ஆனால் எழுத்துத் தேர்வுதானே என்று சோதனையே செய்யாமல் விட்டால் மாட்டிக்கொள்வீர்கள். முதலில் நாங்களும் பெட் தளத்தில் ஊசலை ஆட்டிப் பார்த்து அட்டவணை நிரப்பினோம். எண்கள் அத்தனை சுத்தமாக வந்தன. வினாத்தாளில் கேட்டதோ, "அளவீட்டில் எங்கே பிழை வரலாம், எப்படிக் குறைப்பாய்?" மகள் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் பார்த்த ஊசல் பிழையே செய்யாதது.

ஆகவே கதவு நிலையில் ஒரு நூலைக் கட்டி, நுனியில் ஒரு நட்டைத் தொங்கவிட்டு, ஒரு மீட்டர் அளந்து, கைப்பேசியில் நேரம் பார்த்தோம். அலைவு நேரம் இரண்டு நொடிக்குப் பக்கத்தில் வர வேண்டும். ஒருமுறை 1.7, அடுத்தது 2.3. "ஏன்மா இப்படி வருது?" என்று கேட்டவளே யோசித்து, இருபது அலைவுக்கு நேரம் எடுத்து இருபதால் வகுத்தாள். 2.01! கத்திய கத்தலில் தம்பி ஓடி வந்தான். அந்த ஒரு மதியத்துக்கு அப்புறம் ஆறாம் தாளில் அவளுக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இனிதான் நிஜமான அலைச்சல். தேர்வு எழுத மையம் வேண்டும். கேம்பிரிட்ஜிடம் நேரடியாகப் பதிவு செய்ய முடியாது, தனித்தேர்வரை ஏற்கிற பள்ளியோ தேர்வு மையமோ வழியாகத்தான் போக வேண்டும். ஏற்பதும் மறுப்பதும் அவர்கள் விருப்பம். இது எனக்குத் தெரிந்ததே ஒன்றரை ஆண்டு கழித்து. பாடத்தை எல்லாம் முடிவு செய்து, பாதி படித்தும் முடித்த பிறகு!

முதல் மையத்தில் தொலைபேசியை எடுத்தவர் நான் வாக்கியத்தை முடிக்கும் முன்பே "நாங்கள் எடுப்பதில்லை" என்று வைத்துவிட்டார். இரண்டாவது மையம் எடுப்போம் என்றது, வரச் சொன்னது, போனோம். அங்கே போன பிறகு, "எங்கள் பள்ளியில் நடத்துகிற பாடங்களுக்கு மட்டும்தான்" என்றார்கள். கணினி அறிவியல் அவர்கள் பட்டியலில் இல்லை. இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். சொல்ல மாட்டார்கள், நாம்தான் பாடப் பெயரையும் குறியீட்டு எண்ணையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்க வேண்டும். இயற்பியல் 0625, வேதியியல் 0620, உயிரியல் 0610, கணிதம் 0580, கணினி அறிவியல் 0478. இந்த எண்கள் எனக்கு இப்போது மனப்பாடம்.

மூன்றாவது மையத்தில் ஆறு பாடம் சரி, ஓவியம் மட்டும் கிடையாது என்றார்கள். ஓவியத்தில் கோர்ஸ்வொர்க் உண்டு. பல மாதம் ஒரு ஆசிரியரின் கண்காணிப்பில் செய்து, இது இந்தப் பிள்ளை செய்ததுதான் என்று அந்தப் பள்ளி உறுதிசொல்ல வேண்டிய வேலை. முன்பின் தெரியாத பிள்ளைக்கு அவர்கள் எப்படி உறுதி கொடுப்பார்கள்? அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் அவள் பதினான்கு வயதிலிருந்து ஆசைப்பட்டது அந்த ஒரு பாடத்துக்குத்தான். வண்டியில் வரும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. வரலாற்றிலும் ஆங்கிலத்திலும் கோர்ஸ்வொர்க்குக்குப் பதிலாக எழுதுகிற தாள் இருக்கிறது, அதனால் அவை தப்பித்தன. ஓவியத்தின் இடத்தில் உயிரியல் ஏறியது. படம் வரைவதை அவள் நிறுத்தவில்லை, தேர்வுக்காக வரைய வேண்டியதில்லை என்று இப்போது சொல்லிக்கொள்கிறாள். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

பதிவு செய்யப் போன அன்று அடுத்த கூத்து. படிவத்தில் நாங்கள் வழக்கமாக எழுதுகிற மாதிரிப் பெயரை எழுதியிருந்தோம். கடவுச்சீட்டில் ஆங்கிலத்தில் ஒரு எச் கூடுதல். முகப்பில் இருந்தவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, படிவத்தை நம் பக்கம் தள்ளினார். "புதுப் படிவம் நிரப்பி நாளைக்கு வாங்க." அங்கேயே நிரப்பித் தருகிறேன் என்றேன். படிவம் இணையத்திலிருந்துதான் எடுக்க வேண்டுமாம், அங்கே அச்சு இல்லையாம். அவருக்குப் பின்னால் அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு எச்சுக்காக ஒரு நாள் போனது. மையத்தின் கடைசித் தேதிக்கு இன்னும் இரண்டு நாள் இருந்ததால் பிழைத்தோம். மையங்கள் கேம்பிரிட்ஜின் கடைசித் தேதிக்கும் முன்னாலேயே தங்கள் கதவைச் சாத்திவிடும், மே மாதத் தேர்வுதானே என்று மார்ச் வரை காத்திருந்தால் அந்த ஆண்டு போயே போச்சு.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். வெளிநாட்டுக் கல்லூரி எதையாவது மனதில் வைத்திருந்தால், முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் பதிவு வையுங்கள்: தேதி, பாடம், நேரம், எந்த நூல், எப்படி மதிப்பிட்டோம். அமெரிக்கப் பக்கம் ஒரு பாடத்துக்கு ஒரு கிரெடிட் (பாடத்தை முடித்ததற்குக் கொடுக்கும் அலகு) என்பது வழக்கமாக 120 மணி நேரக் கணக்கு, அதற்கு நீங்களே மதிப்பெண் பட்டியல் தயாரிக்க வேண்டியிருக்கும். நான் பதினான்கு மாதம் எதுவும் எழுதவில்லை. பிறகு பிரௌசர் வரலாற்றையும் அவள் நோட்டுகளின் ஓரத்தில் கிறுக்கிய தேதிகளையும் வைத்துத் துப்பறிந்து எழுதினேன். நான்கு ஞாயிற்றுக்கிழமை அதற்கே சரியாகிவிட்டது.

அடுத்தது சின்னவன், பன்னிரண்டு முடிந்துவிட்டது. "எனக்கும் கலர் அடிச்ச டைம்டேபிள் உண்டா?" என்று கேட்டான். இல்லை என்றேன். அவனுக்காக இன்னும் ஒரு வீடியோகூடத் தேடவில்லை. நேற்று மூன்றாவது மையத்துக்குத் தொலைபேசி போட்டு, இன்னும் மூன்றரை ஆண்டு கழித்து ஒரு தனித்தேர்வரை எடுப்பீர்களா, என்னென்ன பாடம் என்று கேட்டேன். எடுத்தவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் பட்டியலைப் படிக்கத் தொடங்கினார்.