ஐந்து பொத்தானா, ஒன்றா?

ஹரி ராயா எனும் நோன்புப் பெருநாள் நெருங்கினால் மலேசியக் கடைகளில் பாஜு மெலாயு, அதாவது மலாய் ஆண்களின் மரபு உடைக்கான பொத்தான்களுக்கென்றே தனி அடுக்கு வந்துவிடும். சட்டையோடு தைக்காமல் கழற்றி மாட்டும் வகை. நிமிர்ந்த கழுத்துள்ள செக்காக் மூசாங் சட்டைக்கு வழக்கமாக ஐந்து பொத்தான். இஸ்லாத்தின் ஐந்து கடமைகளைக் குறிப்பதாகச் சொல்வார்கள். இடுப்பில் கட்டும் துணியான சம்பிங்கைச் சட்டைக்கு மேலே சுற்ற வேண்டும்.

ஜொகூர் மாநிலத்துக்காரர்களின் தெலுக் பெலாங்கா சட்டை வேறு மாதிரி. கழுத்துப்பட்டை கிடையாது, ஒற்றைப் பொத்தான், சம்பிங் சட்டைக்கு உள்ளே. சுல்தான் அபு பக்கர் காலத்து வழக்கம் என்பார்கள். எனக்கு இதுதான் அழகு.

சம்பிங் சொங்கெட் துணியாக இருந்தால் மிடுக்கே தனி. ஊடுநூலோடு பொன், வெள்ளி இழைகளைச் செருகிக் கையால் நெய்வது. திரங்கானு, கிளந்தான் மாநிலங்கள் இதற்குப் பேர்போனவை. 2021இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது. விலையைக் கேட்டால்தான் தலை சுற்றும்! மலிவாக அச்சுத்துணியும் கிடைக்கிறது, கிட்டப் போனால் தெரிந்துவிடும்.