வீட்டு சோப்பில் ஜிங்க், செம்பு, வெள்ளி: எது நிற்கும், எது கெடுக்கும்

செம்புத் தண்ணீர், வெள்ளித் தண்ணீர், படிகாரம் என்று எதையாவது சோப்பில் சேர்த்தால் தோலுக்கு நல்லதாமே என்று கேட்பவர்கள் நிறைய. தருமபுரியில் நாங்கள் போட்டுப் பார்த்த வரையில், உலோக வகையில் சோப்பில் நிற்பது ஜிங்க் ஆக்சைடு ஒன்றுதான். அதுவும் கட்டி வெண்மையாக, வழவழப்பாக வருவதற்கு. அரை நிமிடத்தில் கழுவிவிடும் சோப்பிலிருந்து ஜிங்க் கலந்த கேலமைன் லோஷன் பூசின பலனை எதிர்பார்க்க முடியாது.

ஒரு கிலோ எண்ணெய்க்கு எங்கள் கணக்கு: தேங்காய் எண்ணெய் 600 கிராம், கடலை எண்ணெய் 300, விளக்கெண்ணெய் 100. காஸ்டிக் சோடா 150 கிராம், தண்ணீர் 300. இதில் சுமார் 8 சதவீத எண்ணெய் சோப்பாகாமல் மிஞ்சும். தேங்காய் எண்ணெய் இவ்வளவு இருக்கும்போது அந்த மிச்ச எண்ணெய் இல்லாவிட்டால் தோல் வறண்டுவிடும். நம் ஊர் உப்புத் தண்ணீரில் நுரை வராமல் திரிதிரியாகப் படிவது ஜிங்கால் சரியாகாது. அதற்கு 10 கிராம் லெமன் சால்ட்டை (சிட்ரிக் ஆசிட்) முதலில் தண்ணீரில் கரைத்து, காஸ்டிக்கை 6 கிராம் கூட்டிப் போடுங்கள்.

போர் தண்ணீர் வேண்டாம். அதிலுள்ள இரும்பு எண்ணெயைச் சிக்கடிக்க வைக்கும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் போதும். கேனில் எழுத்தைப் பார்த்து வாங்குங்கள், பேட்டரி ஆசிட் வேறு. பாத்திரம் எவர்சில்வர்தான். அலுமினியத்தில் காஸ்டிக் பட்டால் பொங்கி ஹைட்ரஜன் கிளம்பும், பாத்திரமும் அரித்துப்போகும். தண்ணீரில்தான் காஸ்டிக்கைப் போட வேண்டும், காஸ்டிக்கில் தண்ணீரை ஊற்றக்கூடாது. கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள்.

ஜிங்க் ஆக்சைடு 10 கிராம். மாஸ்க் போட்டுக்கொண்டு, எடுத்து வைத்த விளக்கெண்ணெயிலிருந்து இரண்டு ஸ்பூன் விட்டு, பீங்கான் கல்வத்தில் மை போல அரைக்கவும். விரலிடுக்கில் தேய்த்தால் நறநறக்கக்கூடாது. நறநறத்தால் கட்டியில் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். காஸ்டிக் தண்ணீரில் நேராகப் போட்டால் திரண்டு அடியில் உட்கார்ந்துவிடும். எண்ணெயும் காஸ்டிக் தண்ணீரும் 40 டிகிரிக்கு ஆறியதும் சேர்த்து பிளெண்டர் விட்டு, மோர்க்குழம்புப் பதம் தாண்டிய பிறகு இந்த விழுதைக் கலக்கவும். நீர்க்க இருக்கும்போதே கலந்து மோல்டில் ஊற்றினால், கனமான பொடி இறங்கி அடியில் தனி வெள்ளைப் பட்டையாகத் தெரியும்.

மார்கழியில் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் இன்னொரு தொல்லை. தேங்காய் எண்ணெய் குளிரில் கெட்டிப்படுவதைப் பதம் வந்ததாக எண்ணி ஊற்றிவிட்டால், பிறகு கட்டியிலிருந்து காஸ்டிக் நீர் கசியும். கலவையை இளஞ்சூட்டில் வைத்து மறுபடி அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மற்றவை ஏன் வேண்டாம்? செம்பு எண்ணெய் சிக்கடிப்பதை வேகப்படுத்தும். கடலை எண்ணெய் சேர்ந்த கட்டியில் ஆரஞ்சுப் புள்ளி விழுந்து வாடை வரும். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) தோலை எரிக்கும்; சோப்போடு சேர்ந்து கரையாத பச்சைப் பிசுக்காகிவிடும். படிகாரமும் சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காகும், காஸ்டிக்கையும் தின்றுவிடும். வெள்ளித் தண்ணீர் காஸ்டிக்கில் பழுப்பாகி, வெளிச்சம் பட்டுச் சாம்பல் நிறமாகும், காசுக்குக் கேடு. இனிப்பின் மேல் ஒட்டும் வெள்ளித்தாளில் அலுமினியக் கலப்படம் இருந்தால், ஈரச் சோப்பின்மேல் ஒட்டிய இடத்தில் குமிழியிட்டுக் கரைந்தே போகும். பாதரசம், சித்த மருந்தில் வரும் பற்பம், செந்தூரம் பக்கமே போகாதீர்கள்.

ஒரு நாள் கழித்து வெட்டி, காற்றோட்டமான நிழலில் நான்கு முதல் ஆறு வாரம் காய விடுங்கள். விற்பதாக இருந்தால் 2020 அழகுசாதன விதிகளின்படி உரிமம் எடுக்க வேண்டும். பாதரசம் சேர்க்கத் தடை. லேபிளில் படை, சொறி குணமாகும் என்று எழுதினால் அது மருந்துக் கணக்கில் போய்விடும். "ஜிங்க் ஆக்சைடு சேர்த்தது" என்று மட்டும் போடுங்கள்.