எஸ்விஎம், ஏஎம்டி-வி, விஎம்எக்ஸ்: ஒரே வசதிக்கு எத்தனை பெயர்?

ஒரே கம்ப்யூட்டருக்குள் பல 'விருந்தாளி' மெஷின்களை ஓட்டுவதுதான் வர்ச்சுவலைசேஷன், அதற்கு சிப்பே கைகொடுக்கும் வசதியைத்தான் சொல்கிறேன். ஒரு ஏஎம்டி சர்வரில் லினக்ஸின் வர்ச்சுவலைசேஷன் பகுதியான கேவிஎம் ஓடுமா என்று பார்க்கணும். மெஷினை ஆன் செய்ததும் முதலில் ஓடும் பயாஸுக்குள் போனால் 'எஸ்விஎம் மோட்' என்று இருக்கும், லினக்ஸில் சிப் விவரம் காட்டும் எல்எஸ்சிபியு கட்டளையை அடித்தால் 'வர்ச்சுவலைசேஷன்: ஏஎம்டி-வி' என்று வரும், சிப்பின் வசதிகளைப் பட்டியலிடும் சிபியுஇன்ஃபோ கோப்பைத் திறந்தால் மறுபடி எஸ்விஎம். இன்டெல் பக்கம் விளம்பரத்தில் விடி-எக்ஸ், ஃப்ளாகில் (அந்தப் பட்டியலில் வரும் குறிச்சொல்) விஎம்எக்ஸ். ரேஷன் கார்டில் ஒரு பெயர், வீட்டில் கூப்பிட ஒரு பெயர் என்கிற கதைதான்.

அடுத்த படியிலும் இதே கூத்து. விருந்தாளி மெஷினின் நினைவக முகவரிகளை ஹார்டுவேரே மாற்றித் தரும் வசதி ஏஎம்டியில் 2007-ல் பார்சிலோனா சிப்போடு வந்தது: என்பிடி. மார்க்கெட்டிங்காரர்கள் அதற்கு ஆர்விஐ என்று வேறு வைத்தார்கள். இன்டெல் 2008-ல் நெஹேலமில் கொண்டுவந்ததற்குப் பெயர் இபிடி. கேவிஎம் எழுதியவர்கள் தங்கள் பொதுக் கோடில் இரண்டுக்கும் சேர்த்து டிடிபி என்று வைத்துக்கொண்டார்கள், எனக்கு அது சரியான முடிவாகவே படுகிறது.

லினக்ஸின் மையப் பகுதியான கர்னலே பெயரை மாற்றிவிடலாமே என்றால், முடியாது. விஎம்எக்ஸ், எஸ்விஎம் இரண்டையும் கிரெப் செய்யும், அதாவது அந்தச் சொற்களைத் தேடும், ஸ்கிரிப்ட் உலகம் முழுக்கக் கிடக்கிறது. எஸ்எஸ்இ3 என்கிற வேறொரு சிப் வசதிகூட இன்றைக்கும் சிபியுஇன்ஃபோவில் 'பிஎன்ஐ' என்றுதான் வருகிறது, அதாவது பிரெஸ்காட் நியூ இன்ஸ்ட்ரக்ஷன்ஸ். பிரெஸ்காட் சிப் 2004-ல் வந்தது!

ஆனால் எனக்கு உண்மையான தலைவலி எழுத்து இல்லை, அர்த்தம். ஒரு ஃப்ளாக் 'சிப்பில் இந்த வசதி இருக்கிறது' என்கிறதா, 'இப்போது பயன்படுத்தலாம்' என்கிறதா? பழைய கர்னல்களில் பயாஸ் விடி-எக்ஸை அணைத்துப் பூட்டியிருந்தாலும் விஎம்எக்ஸ் ஃப்ளாக் ஜம்மென்று நிற்கும், கேவிஎம் மாட்யூலை ஏற்றும்போதுதான் 'டிசேபிள்டு பை பயாஸ்' என்று கையை விரிக்கும். 2020-ல் வந்த 5.6 கர்னலிலிருந்து அப்படிப் பூட்டியிருந்தால் ஃப்ளாகையே எடுத்துவிடுகிறார்கள், ஏஎம்டிக்கு அதே திருத்தம் சில வருஷம் கழித்துத்தான் வந்தது. ஆக, ஒரே பெயருக்கு கர்னல் வெர்ஷனைப் பொறுத்து இரண்டு அர்த்தம். இந்த விஷயத்தில் விண்டோஸைப் பாராட்டலாம்: சிஸ்டம்இன்ஃபோவில் 'வர்ச்சுவலைசேஷன் எனேபிள்டு இன் ஃபர்ம்வேர்: யெஸ்' என்று வரும். நீளம்தான், ஆனால் என்ன நிலை, எங்கே என்று இரண்டும் அதிலேயே இருக்கிறது.

அதனால் நம் சொந்த இன்வென்டரியிலோ சர்வர்களை அமைக்கும் கருவியான ஆன்சிபிளின் மாறிகளிலோ பெயர் வைக்கும்போது கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு 'விர்ட்_சப்போர்டட்', 'விர்ட்_எனேபிள்டு' என்று தனித்தனியாக வையுங்கள். 'டிசேபிள்_நெஸ்டட் = ஃபால்ஸ்' மாதிரி எதிர்மறைப் பெயர் வேண்டவே வேண்டாம், ராத்திரி இரண்டு மணிக்கு அதைப் படிக்கப் போகிறவர் பாவம்.

அப்புறம், எல்லாவற்றையும் ஒரே பொதுப்பெயருக்குள் அடைப்பதும் ஆபத்து. இன்டெல்லின் ஏபிஐசிவி, ஏஎம்டியின் ஏவிஐசி இரண்டும் இன்டரப்ட் (சாதனங்கள் சிப்பைக் கூப்பிடும் சிக்னல்) வேலையைத்தான் சுலபமாக்குகின்றன, ஆனால் முதலில் வந்த ஏவிஐசிக்கு எக்ஸ்2ஏபிஐசி என்கிற புதிய இன்டரப்ட் முறைக்கு ஆதரவு கிடையாது. அங்கே பொதுப்பெயருக்குப் பக்கத்தில் கர்னல் சொன்ன மூலப் பெயரையும் அப்படியே ஒரு தனி நெடுவரிசையில் வைத்திருங்கள். கேவிஎம்மோடு சேர்ந்து விருந்தாளி மெஷினை ஓட்டும் க்யூஎம்யூவுக்குக் கொடுக்கும்போது அதையும் ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும், ஏனென்றால் ஒரே வசதிக்கு கர்னலில் 'பாஸ்ஃபில்டர்', க்யூஎம்யூவில் 'பாஸ்-ஃபில்டர்'.