திரை மூடும் வரைக்கும்

1980 இல் எங்கள் பாடசாலை நாடகப் போட்டியில் எனக்குத் தோழி வேடம். இரண்டே இரண்டு வசனம். மண்டபத்துத் திரையை இரண்டு பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் நின்று கயிற்றால் இழுப்பார்கள். பாதி வழியில் அது இறுகி நின்றுவிடும். "திரை முழுக்க மூடும் வரைக்கும் ஒருத்தரும் அசையக்கூடாது. முகத்தை விட்டிடாதேங்கோ பிள்ளையள்" என்பார் நாடகம் பழக்கிய ரீச்சர்.

அந்தச் சொல் மறுபடி நினைவுக்கு வந்தது 1990 இல், கனடாவில், ஸ்காபரோவில், ஒரு பேஸ்மென்றில். இரவு வேலை முடித்து வந்து படுத்து எழும்பினால் பகல் ஒரு மணி. அமெரிக்காவின் பஃபலோவில் இருந்து வரும் ஏழாம் சனலில் 'ஆல் மை சில்ட்ரன்' என்ற பகல் நேரத் தொடர் நாடகம் தொடங்கும். இங்கிலிஷ் காதில் ஏறட்டும் என்றுதான் முதலில் போட்டேன். அப்புறம் அதில் நடித்த சூசன் லூச்சிக்காகவே பார்த்தேன்.

காட்சி முடிந்து விளம்பரம் வருவதற்கு முன் கமரா அவர் முகத்துக்குக் கிட்டப் போகும். வசனம் முடிந்திருக்கும். இரண்டு மூன்று விநாடி அந்த முகம் அப்படியே நிற்கும். கோபம் மெல்ல இறங்கிப் பயம் கண்ணுக்குள் வந்து சேரும். எங்கள் ரீச்சர் கேட்டது இதைத்தான்.

1970 ஜனவரியில், 23 வயதில், எரிக்கா கேன் என்ற பள்ளிக்கூடப் பெண்ணாக அந்தத் தொடருக்குள் வந்தவர் அவர். 2011 வரை, 41 வருடம், ஒரே பாத்திரம். முதலில் அரை மணி நேரமாக இருந்த தொடர் 1977 இல் ஒரு மணி நேரமானது; வாரத்துக்கு ஐந்து நாள். இரவில் வசனம் பாடமாக்கி, விடிந்ததும் போய் நடிக்க வேண்டும். படக்காரரைப் போல ஒரு காட்சியைப் பத்துத் தரம் எடுத்துக்கொண்டிருக்க நேரமில்லை. 'பகல் நாடகம்தானே' என்று சொல்கிறவர்களோடு நான் இன்றைக்கும் வாதாடுவேன். அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையை ஏற்ற 1973 இலேயே, தொடரை உருவாக்கிய ஆக்னஸ் நிக்சன் எரிக்காவுக்கு அந்த முடிவைக் கொடுத்தார். சட்டபூர்வமான கருக்கலைப்பு அமெரிக்கப் பகல் தொடரில் வந்தது அதுவே முதல் தடவை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுப் பெண்கள் பார்த்த கதை அது.

எரிக்காவின் தாய் மோனாவாகத் தொடக்கத்திலிருந்தே நடித்த பிரான்சிஸ் ஹெஃப்லின் 1994 இல் காலமானார். கதையிலும் மோனா தூக்கத்திலேயே போய்விட்டாள். லூச்சி அழுதது எந்தத் தாய்க்காக என்று பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை. அதற்கு முந்தின வருடம் என் அம்மா ஊரில் செத்துப்போனா. பாதை பூட்டிக்கிடந்தது, போக முடியவில்லை. செய்தி வந்த அன்றும் வேலைக்குப் போனேன். அழுதது அடுத்த வருடம், அந்த ரி.வி.க்கு முன்னால் இருந்துதான்.

அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எமி விருதுக்கு லூச்சியின் பெயர் முதலில் வந்தது 1978 இல். பதினெட்டுத் தடவை கிடைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் வேறொருவர் பெயர் வாசிக்கப்படும்; இவர் கைதட்டுவார். 1999 மே மாதம், பத்தொன்பதாவது தடவை, நடிகர் ஷெமார் மூர் கடிதவுறையைப் பிரித்து, "தொடர் தோல்வி முடிந்தது" என்று சொல்லித்தான் பெயரையே வாசித்தார். மண்டபம் முழுக்க எழும்பி நின்றது. அவர் பேசத் தொடங்க நிமிடக் கணக்காயிற்று. நானும் வீட்டில் எழும்பி நின்று கைதட்டினேன். பிள்ளைகள் ஓடிவந்து, "என்னம்மா?" என்றார்கள்.

2011 செப்டெம்பர் 23, தொடரின் கடைசி நாள். வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பார்த்தேன். ஒரு துப்பாக்கிச் சத்தம், உடனே திரை கறுப்பு. இந்தத் தடவை அவர் முகத்தைப் பிடித்து நிற்கக்கூட இடம் கொடுக்கவில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை.

அன்றைக்கு எங்கள் மண்டபத்தில் திரை இழுத்த இருவரில் ஒருவர் லண்டனில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். இதை வாசித்தால் எங்கள் பழைய மாணவர் சங்கத்துக்கு ஒரு வரி போடுங்கோ. ரீச்சரைப் பற்றிக் கதைக்க வேண்டும்.