படகேறும் விருந்தினருக்கு முந்தின நாளே சொல்லிவிடுங்கள்

சிங்கப்பூரில் சொந்தப் படகு வைத்திருப்பவர்கள் லாசரஸ், கூசு தீவுகளுக்கு நண்பர்களைக் கூட்டிப்போவது வழக்கம். வருகிறவர்களில் பாதிப்பேர் முதல் தடவையாகப் படகேறுவார்கள். படகுத்துறையில் நின்று சொல்வது யார் காதிலும் ஏறாது, எல்லாரும் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். கவனிக்க வேண்டியதையெல்லாம் முந்தின நாள் மாலையே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிடுங்கள்.

குழந்தைகள் வருகிறார்கள் என்றால் எடையைக் கேளுங்கள். லைஃப் ஜாக்கெட்டை வயதைப் பார்த்தல்ல, எடையைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். மாட்டி, எல்லா வார்களையும் இறுக்கிய பின் ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது பெரிசு. கால்களுக்கிடையே போகும் வாரைப் போடாமல் விட்டால், தண்ணீரில் விழுந்ததும் ஜாக்கெட் மேலே மிதக்கும், குழந்தை கீழே நழுவும்.

குமட்டல் மாத்திரையைப் பலர் கடலுக்குள் போன பிறகுதான் தேடுகிறார்கள். அதற்குள் வாந்தி தொடங்கியிருந்தால் மாத்திரை வயிற்றில் தங்காது. சின்னரிசின் என்றால் கிளம்ப 2 மணி நேரம் முன்பு, டைமென்ஹைட்ரினேட் என்றால் அரை மணி முதல் 1 மணி நேரம் முன்பு. இரண்டுமே தூக்கம் வரவழைக்கும். கர்ப்பிணிகளும் வேறு மருந்து சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம். வெறும் வயிறும் ஆகாது, பூரியும் ஆகாது; இரண்டு இட்லி போதும். படகு ஓடும்போது தாக்குப்பிடிக்கிறவர்கள்கூட, நங்கூரம் போட்டபின் ஃபெரி கிளப்பும் அலை பக்கவாட்டில் ஆட்டும்போது சுருண்டுவிடுவார்கள். கீழே கேபினில் உட்கார்ந்து போன் பார்ப்பவர்தான் முதலில் விழுவார். அவரை மேலே கூட்டிவந்து, டீசல் புகை படாத இடத்தில் உட்காரவைத்து, தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கழிவறையைப் பற்றிக் கூச்சப்படாமல் எழுதுங்கள், ஒருநாள் பயணத்தைக் கெடுப்பது பெரும்பாலும் அதுதான். கழிவு போகும் குழாய் பல படகுகளில் 38 மில்லிமீட்டர்தான். நடுவில் ஒரு ரப்பர் வால்வு வேறு. ஈரத்துடைப்பான், நாப்கின், தலைமுடி எது போனாலும் அங்கே சிக்கும். தண்ணீர் ஊற்றிக் கழுவும் நம் பழக்கம் இங்கே நல்லதுதான், காகிதம் உள்ளே போகாது. ஆனால் டாங்கி சின்னது, அளவாக ஊற்ற வேண்டும். கைப்பம்பு என்றால் நெம்புகோலைக் கடல்நீர் ஏறும் நிலையில் வைத்துப் பம்பை 20 தடவை அடித்துவிட்டு, அதே நெம்புகோலை மறுபக்கம் தள்ளி, கோப்பை வற்றும்வரை அடிக்க வேண்டும். நெம்புகோலை அப்படியே திறந்து விட்டுவிட்டால் கடல்நீர் தானாக ஏறி, கோப்பை நிரம்பி வழிந்து, படகுக்குள் தண்ணீர் புகுந்துவிடும். வந்ததும் ஒவ்வொருவருக்கும் ஒருமுறை செய்தே காட்டுங்கள்.

உடை, பை விஷயம் சுருக்கமானது. சேலை, நீளமான துப்பட்டா வேண்டாம். செருப்பைத் துறையிலேயே கழற்றிவிட வேண்டும். சக்கரப் பெட்டிக்குப் பதில் மடக்கி வைக்கக்கூடிய துணிப்பை. ஸ்ப்ரே சன்ஸ்கிரீன் கூடாது, தளம் வழுக்கும். களிம்பைக் கரையிலேயே பூசிவரட்டும்.

சாப்பாட்டில் குழம்பு, பிரியாணி வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லுங்கள். மஞ்சள் கறை வெயிலில் வெளுத்துவிடும், ஆனால் தேக்குத் தளத்தில் ஊறிய எண்ணெய் லேசில் போகாது. பொடி தடவிய இட்லி, டப்பாவில் தயிர்சாதம் நல்லது. கண்ணாடிப் பாட்டில் வேண்டாம். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர் குறைந்தபட்சம்.

ஏறும்போதும் இறங்கும்போதும் குதிக்கக் கூடாது. படகு துறையை நெருங்கும்போது கையாலோ காலாலோ தள்ளி நிறுத்தப் பார்க்கவே கூடாது. உதவி செய்யும் நல்ல எண்ணத்தில்தான் இதைச் செய்கிறார்கள். பல டன் எடை விரலை நசுக்கிவிடும்.

நீந்த ஆசைப்படுவார்கள். அதற்குமுன் எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டு ஏணியை இறக்குங்கள். 20 மீட்டர் மிதக்கும் கயிற்றின் நுனியில் ஒரு ஃபெண்டரை (படகு துறையில் இடிக்காமல் தொங்கவிடும் காற்றடைத்த மிதவை) கட்டிப் பின்னால் விடுங்கள். கயிறு விறைத்து ஃபெண்டர் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு நின்றால் நீரோட்டம் பலம், யாரும் இறங்க வேண்டாம். கடல் ஏற்றமும் வற்றமும் மாறும் இடைவேளைக்கு நீச்சலை ஒதுக்குங்கள்.

திரும்பும் நேரம் உறுதியில்லை என்பதையும் அதே செய்தியில் எழுதுங்கள். ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ரா புயற்காற்று விடியலிலோ காலையிலோ வந்து கிளம்புவதையே தள்ளிப்போடும். அன்று மாலை விமானம் பிடிக்க வேண்டியவர் வேறொரு நாள் வரட்டும். கயிற்றை அவிழ்ப்பதற்கு முன், நிதானமான ஒருவரைத் தேர்ந்து எஞ்சினை நிறுத்துவது எப்படி, விஎச்எஃப் ரேடியோவில் ஆபத்துக்கு உதவி கேட்கும் 16ஆம் சேனலில் பேசுவது எப்படி என்று காட்டிவிடுங்கள். மயங்கி விழுகிறவர் படகோட்டியாகவும் இருக்கலாம்.